சியரா ஏரிக்கரையில் ஓர் இரவு: எந்த பெர்மிட்டுக்காக மெனக்கெடுவது?

ஜூலை பிறந்ததும் நண்பர்களில் யாராவது ஒருவர் தவுசண்ட் ஐலண்ட் ஏரியின் படத்தை அனுப்பி, "அடுத்த வாரம் இங்கே டென்ட் போடலாமா?" என்று கேட்பார். படத்தில் பேனர் சிகரம் தண்ணீருக்குள் தலைகீழாக நின்றுகொண்டிருக்கும். பதில் சொல்ல எனக்குச் சங்கடமாக இருக்கும். ஏரி எங்கும் ஓடிவிடவில்லை, கால் உள்ளவர் எவரும் போய்ப் பார்க்கலாம். ஆனால் அங்கே இரவு தங்க ஓர் அனுமதிச் சீட்டு, அதாவது பெர்மிட் வேண்டும். அந்தச் சீட்டில் பாதிக்கு மேல் ஜனவரியிலேயே கைமாறியிருக்கும்.

கலிஃபோர்னியாவின் சியரா நெவாடா மலையில் நல்ல ஏரிகளுக்குப் பஞ்சமில்லை. அந்த மலையைப் பல அலுவலகங்கள் பங்குபோட்டு நிர்வகிக்கின்றன, ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சீட்டுக் கொடுக்கிறது. புதிதாகப் போகிறவர்கள் ஏரியைத் தேர்ந்தெடுத்துவிட்டு அதற்கான பெர்மிட்டைத் தேடுகிறார்கள். நானும் சில வருடம் அப்படித்தான் அலைந்தேன். இப்போதெல்லாம் தலைகீழாகச் செய்கிறேன். நம்மால் மாற்ற முடியாதது எது என்று முதலில் பார்க்கிறேன்: தேதியா, ஆட்களின் எண்ணிக்கையா, கூட வரும் குழந்தையா, நாயா, காரில் ஓட்டவேண்டிய தூரமா? அதற்கு ஒத்துவரும் பெர்மிட்டைப் பிடித்தபிறகு, அதற்குள் அடங்கும் ஏரி எது என்று பார்த்தால் போதும்.

நான்கு இடங்களை எடுத்துக்கொள்கிறேன். யோசெமிட்டி தேசியப் பூங்கா, கிழக்குச் சரிவில் இன்யோ தேசியக் காடு, லேக் டாஹோவுக்குத் தென்மேற்கே டெசொலேஷன் வைல்டர்னஸ் (சட்டத்தால் பாதுகாக்கப்பட்ட, சாலையில்லாத வனப்பகுதி), யோசெமிட்டிக்கு வடக்கே ஒட்டினாற்போல் கிடக்கும் எமிக்ரண்ட் வைல்டர்னஸ். செக்கோயா-கிங்ஸ் கேன்யனில் இருக்கும் ரே ஏரிகளை வேண்டுமென்றே விட்டுவிடுகிறேன். ஏறத்தாழ 40 மைல் சுற்று அது, முதல்முறை டென்ட் தூக்குகிறவருக்கு அதைச் சொல்வது பாவம்.

கோட்டா, அதாவது எத்தனை பேரை உள்ளே விடுவது என்ற வரம்பு, எப்படி எண்ணப்படுகிறது என்பது புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும். வைல்டர்னஸ் சட்டம் 1964இல் வந்தது. அதற்குப் பிந்தைய சில ஆண்டுகளில் முதுகுப்பை தூக்குகிறவர்கள் கூட்டம் பெருகி, ஏரிக்கரைகள் மிதிபட்டுப் புல் இல்லாமல் போயின. 1970களில் யோசெமிட்டியில் யான் வான் வாக்டென்டாங்க் என்ற ஆய்வாளர் ஒரு வழி சொன்னார். யார் எந்த இரவில் எங்கே தூங்குகிறார் என்று துரத்திக்கொண்டிருக்க வேண்டாம், ஒவ்வொரு நடைபாதையின் வாசலிலும் ஒரு நாளைக்கு இத்தனை பேர் என்று நிறுத்தினால் போதும், உள்ளே போனவர்கள் தாமாகப் பரவிக்கொள்வார்கள் என்பது அவர் வாதம். யோசெமிட்டியும் இன்யோவும் இன்றுவரை இந்த வாசல் கணக்கில்தான் ஓடுகின்றன. உங்கள் சீட்டில் ட்ரெயில்ஹெட்டின், அதாவது அந்த வாசலின் பெயரும் நுழையும் தேதியும் இருக்கும். அந்த வாசலில் அந்த நாளில் நுழைந்துவிட்டால், அதற்குரிய சில தடைகள் தவிர, பிறகு எங்கே வேண்டுமானாலும் சுற்றலாம்.

டெசொலேஷனில் கதை வேறு. அந்த வனப்பகுதியை 45 மண்டலங்களாகப் பிரித்திருக்கிறார்கள். முதல் இரவு எந்த மண்டலத்தில் தூங்குவீர்கள் என்பதுதான் கோட்டா. எந்த வாசல் வழியாகப் போனாலும் சரி, முதல் இரவு சொன்ன இடத்தில் இருக்கவேண்டும், இரண்டாம் இரவிலிருந்து உங்கள் இஷ்டம். இதை அறியாமல் லேக் அலோஹா கிடைக்கவில்லையே என்று திட்டத்தையே கைவிட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். பக்கத்து மண்டலத்தில் ஓர் இரவு, மறுநாள் அலோஹா என்று போட்டிருந்தால் வேலை முடிந்திருக்கும்.

எமிக்ரண்டில் கோட்டாவே இல்லை. இரவு தங்க பெர்மிட் கட்டாயம், ஆனால் கேட்டவருக்கெல்லாம் கிடைக்கும், காசும் கிடையாது.

இப்போது யோசெமிட்டி. நால்வரில் மிகவும் வீம்பு பிடித்தது இதுதான். பயணத் தேதிக்கு 24 வாரங்களுக்கு முன்னால் ஒரு வாரம் முழுக்க லாட்டரி திறந்திருக்கும். ஆகஸ்ட் நடுவில் போக ஆசைப்பட்டால் பிப்ரவரி கடைசியிலோ மார்ச் தொடக்கத்திலோ விண்ணப்பிக்க வேண்டும். ஞாயிறு முதல் சனி வரை எப்போது போட்டாலும் வாய்ப்பு ஒன்றுதான், விடிகாலையில் எழுந்திருக்க வேண்டியதில்லை. விண்ணப்பத்துக்கு 10 டாலர், குலுக்கலில் விழாவிட்டாலும் அது போனது போனதுதான். கிடைத்தால் ஆளுக்கு 5 டாலர். கோட்டாவில் 60 சதவீதம் இப்படிப் போகிறது, மீதி 40 சதவீதம் பயணத்துக்கு 7 நாள் முன்பு காலை 7 மணிக்குத் திறக்கிறது.

அந்த ஏழு நாள் ஜன்னல்தான் யோசெமிட்டியின் ரகசியம் என்பேன். லாட்டரியில் கதீட்ரல் ஏரிகளுக்கும் ஜான் மியூர் பாதைக்கும் எல்லோரும் முட்டிமோதுகிறார்கள். வாரநாளில் விடுப்பு எடுக்க முடிந்தவருக்கு ஏழு நாளுக்கு முன் யங் ஏரிகளுக்கோ டென் லேக்ஸுக்கோ சீட்டுக் கிடைப்பது அத்தனை அபூர்வமில்லை. ஆனால் அந்த மனநிலை எல்லோருக்கும் வராது. வியாழக்கிழமை கிடைத்த சீட்டுக்கு அடுத்த வியாழன் கிளம்பவேண்டும், பையும் ஆளும் தயாராக இருக்கவேண்டும். மூன்று குடும்பங்கள் சேர்ந்து போவதென்றால் நடக்காது. ஒரு வீட்டில் பிறந்தநாள் இருக்கும், ஒரு வீட்டில் நீச்சல் வகுப்பு இருக்கும்.

யோசெமிட்டியில் இன்னொரு சிக்கல், முதல் இரவு எங்கே டென்ட் போடுவது என்பது. டுவாலமி மெடோஸ் போன்ற இடங்களிலிருந்து பொதுவாக நான்கு மைலாவது தள்ளிப்போன பிறகுதான் தங்கலாம். எலிசபெத் ஏரி, கேலார் ஏரிகள் எல்லாம் பகலில் போய்வர மட்டும்தான். "ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு ஏரி, குழந்தைகளோடு ஒரு ராத்திரி" என்ற கனவுக்கு இந்தப் பூங்கா அதிகம் இடம் கொடுக்காது. நாய் இருந்தால் கதவு அப்போதே மூடிவிட்டது, பூங்காவின் வனப்பாதைகளில் நாய்க்கு அனுமதியில்லை.

இவை எல்லாவற்றுக்கும் மேலாக, பூங்காவைக் குறுக்கே கடக்கும் டியோகா மலைச்சாலை. உயரமான ஏரிகள் பலவும் அந்த ஒரு சாலையை நம்பித்தான் இருக்கின்றன. சாதாரணமாக மே கடைசியிலோ ஜூனிலோ திறப்பார்கள். பனி கொட்டித்தீர்த்த 2023இல் ஜூலை 22 அன்றுதான் திறந்தது. 24 வாரத்துக்கு முன்பே ஜூன் மாதத்துக்குப் பணம் கட்டுகிறவர் பனியோடு சூதாடுகிறார் என்றுதான் அர்த்தம். லாட்டரி போடுவதென்றால் ஆகஸ்டுக்கோ செப்டம்பருக்கோ போடுங்கள். ஜூலையில் ஏரிகள் திறந்திருந்தாலும் கொசு உங்களைத் தூக்கிக்கொண்டு போய்விடும்.

இன்யோவில் குலுக்கல் கிடையாது, விட்னி மலை ஒன்றைத் தவிர. மே 1 முதல் நவம்பர் 1 வரை கோட்டா காலம். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பு காலை 7 மணிக்கு 60 சதவீதம், இரண்டு வாரம் முன்பு அதே 7 மணிக்கு மீதி 40 சதவீதம். முந்துகிறவருக்கு முதல் சீட்டு. முன்பதிவுக்கு 6 டாலர், ஆளுக்கு 5 டாலர். பிக் பைன் வடக்குக் கிளை, லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்கு, ஷேடோ கிரீக் இவற்றுக்கு ஜூலை, ஆகஸ்ட் வாரக்கடைசி வேண்டுமானால் 6:55க்கே முன்பதிவு இணையதளத்தில் உள்நுழைந்து, ஆள் எண்ணிக்கையைப் போட்டு, விரலை வைத்துக் காத்திருக்க வேண்டும். தட்கல் டிக்கெட் எடுத்துப் பழகிய கைகளுக்கு இது ஒன்றும் புதிதில்லை.

அழகை மட்டும் வைத்துப் பார்த்தால் என் ஓட்டு இன்யோவுக்குத்தான். பிக் பைனின் ஏரிகள் பாலிசேட் பனியாற்றிலிருந்து கரைந்து வரும் நீரால் நிறைகின்றன. பனியாறு பாறையை அரைத்துக் கொண்டுவரும் மாவு நீரில் மிதப்பதால், பச்சைக்கும் நீலத்துக்கும் நடுவில் ஒரு நிறம். டெம்பிள் கிராக் செங்குத்தாக எழும்பி நிற்பதை இரண்டாம் ஏரியின் கரையிலிருந்து பார்க்கும்போது, காலை 7 மணிக்கு விரல் வலிக்க அழுத்தியது மறந்துபோகும். லிட்டில் லேக்ஸ் பள்ளத்தாக்கில் நடை ஆரம்பிக்கும் மஸ்கிட்டோ ஃப்ளாட்டே 10,000 அடிக்கு மேல். காரிலிருந்து இறங்கிய கொஞ்ச தூரத்திலேயே ஏரி மேல் ஏரியாக வரும், ஏற்றமும் அதிகமில்லை. குழந்தைகளோடு போக இதைவிடச் சுலபமான உயர்ந்த பள்ளத்தாக்கை நான் பார்த்ததில்லை.

அந்த உயரம்தான் கண்ணியும். கடல் மட்டத்தில் இருக்கும் வீட்டிலிருந்து ஒரே நாளில் 10,000 அடிக்கு ஏறி அன்றிரவே அங்கே தூங்கினால் தலைவலியும் குமட்டலும் வருவது சகஜம். எங்களோடு வந்த ஒரு பையன் ராத்திரி முழுக்க வாந்தி எடுத்தான். விடிந்ததும் இறங்கிவிட்டோம், 9,000 அடிக்குக் கீழே வந்ததும் அவனே தோசை கேட்டான். அடிவாரத்தில் ஓர் இரவு தங்கி ஏறுங்கள். பயணத்தில் ஒரு நாள் கூடும் என்பதை பெர்மிட் தேதி போடும்போதே கணக்கில் கொள்ளுங்கள்.

தூரம் இன்னொன்று. லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் இருப்பவருக்கு 395 நெடுஞ்சாலை நேராக இன்யோவின் மடியில் கொண்டுபோய் விடும், அவருக்கு இந்த ஒப்பீடே தேவையில்லை. சான் ஃபிரான்சிஸ்கோ பக்கம் இருப்பவர் சியராவைக் குறுக்கே தாண்டவேண்டும். டியோகா மூடியிருந்தால் வடக்கே சுற்றிக்கொண்டு போகவேண்டும்.

அந்தத் தவுசண்ட் ஐலண்ட் ஏரி இருக்கிறதே, அதுவும் இன்யோ கணக்கில்தான் வருகிறது, ஆன்சல் ஆடம்ஸ் வைல்டர்னஸுக்குள். அக்னியூ மெடோஸ் பக்கத்து வாசல்களுக்குத்தான் கூட்டம் அடிக்கும். கொஞ்சம் கூடுதலாக நடக்கத் தயாரென்றால் ஜூன் லேக் பக்கத்திலிருந்து ரஷ் கிரீக் வாசலையும் பாருங்கள். வாசல் கணக்கு என்று சொன்னேனே, இங்கேதான் அது கைகொடுக்கிறது: ஒரே ஏரிக்கு நாலைந்து வாசல் இருந்தால் நாலைந்து கோட்டா. ஏரியிலிருந்து நீர் வெளியேறும் இடத்துக்குக் கால் மைலுக்குள் டென்ட் போடக் கூடாது என்பதை மட்டும் மறக்கவேண்டாம், படங்களில் எல்லோரும் நிற்கும் இடம் அதுதான். இன்னொரு வசதி, இன்யோவில் தொடங்கும் தொடர்ச்சியான நடை டோனஹு கணவாய் வழியாக யோசெமிட்டிக்குள் போனாலும் அதே சீட்டுப் போதும். குலுக்கலில் தோற்றவர்கள் பின்வாசல் வழியாக யோசெமிட்டியில் தூங்குவது இப்படித்தான்.

டெசொலேஷன் பற்றி எனக்குக் கொஞ்சம் கலப்படமான அபிப்பிராயம். 64,000 ஏக்கருக்குச் சற்றுக் குறைவான சின்ன இடம், வெண்ணிறக் கருங்கல், நூற்றுக்கும் மேற்பட்ட ஏரிகள். உயரம் குறைவு, லேக் அலோஹாவே 8,100 அடிதான். எக்கோ ஏரியில் கோடைக்காலத்தில் ஓடும் படகில் ஏறினால் இரண்டரை மைல் நடை மிச்சம். குழந்தைக்கும் நாய்க்கும் வயதான பெற்றோருக்கும் சேர்த்துத் திட்டமிட ஏற்ற இடம். மறுபுறம், கோடை ஞாயிற்றுக்கிழமைகளில் ஈகிள் ஏரிப் பக்கம் போனால் தேர்த்திருவிழாதான். பகல்நேர நடைக்குக் கோட்டா இல்லை, வாசலில் இலவசச் சீட்டை எழுதிக் கிழித்துக்கொண்டு யாரும் உள்ளே வரலாம். கூட்டம் இரவில் வடிந்துவிடும், வெல்மா ஏரிகளோ டிக்ஸ் ஏரியோ வரை போய்விட்டால் பகலிலும் தொந்தரவில்லை.

ஒரு வேடிக்கை: இந்த நான்கில் பெர்மிட்டுக்கு மட்டும் காசு அதிகம் கேட்பது இதுதான். நான்கு பெரியவர்கள் இரண்டு இரவு தங்குவதாக வைத்துக்கொள்வோம். இங்கே முன்பதிவுக்கு 6 டாலர், இரண்டு இரவும் அதற்கு மேலும் என்றால் ஆளுக்கு 10 டாலர், ஆக 46. யோசெமிட்டியில் 30, அதோடு காருக்கு 35 டாலர் நுழைவுக் கட்டணம் தனி. இன்யோவில் 26. எமிக்ரண்டில் சுழியம். டெசொலேஷனில் 12 வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குக் கட்டணமில்லை என்பதால் குடும்பத்தோடு போனால் கணக்கு மாறிவிடும். எப்படியும் பெட்ரோல் செலவுக்கு முன்னால் இது எதுவுமே இல்லை, கட்டணத்தை வைத்து மட்டும் முடிவெடுக்காதீர்கள்.

டெசொலேஷனில் கட்டைகூட்டித் தீ மூட்டவே கூடாது, எரிவாயு அடுப்பு மட்டும்தான். கோட்டா காலம் மே கடைசியில் வரும் மெமோரியல் டே வாரக்கடைசியில் தொடங்கி செப்டம்பர் 30இல் முடிகிறது. அக்டோபர் முதல் வாரம் குளிர் தாங்குகிறவர்களுக்குப் போட்டியே கிடையாது, பெர்மிட் மட்டும் வாங்கிக்கொள்ள வேண்டும். என் அனுபவத்தில் அலோஹாவின் நல்ல நாட்கள் அவை. ஆனால் ஒன்று, அந்த ஏரியே ஓர் அணையால் உண்டானது. கோடைக் கடைசியில் நீர் வடிந்து, படத்தில் பார்த்த தீவுகள் வெறும் பாறைத் திட்டுகளாகக் கிடக்கும். நீருக்காகப் போகிறவர் ஜூலையிலேயே போய்விட வேண்டும்.

எமிக்ரண்டை யாரும் சிபாரிசு செய்வதில்லை. கோட்டா இல்லையென்றால் அங்கே பார்க்க ஒன்றுமில்லை என்று நாமாக முடிவுகட்டிவிடுகிறோம். சந்தையில் கூட்டம் இல்லாத கடையைச் சந்தேகிக்கிற புத்தி. உண்மையில் யோசெமிட்டியின் வட எல்லைக்கோட்டுக்கு இந்தப் பக்கம் இருக்கும் அதே கருங்கல்தான் இது. வானைக் குத்தும் சிகரங்கள் குறைவு, அதை ஒப்புக்கொள்கிறேன். பதிலுக்கு வழவழப்பான பாறைமேடுகள், நடுநடுவே குளிக்கத் தோதான ஏரிகள். கிராப்ட்ரீ வாசலிலிருந்து கேம்ப் ஏரியும் பேர் ஏரியும் ஒரு காலைப்பொழுது நடைதான். கியானெல்லி வாசலிலிருந்து பவல் ஏரி இன்னும் அருகே. கென்னடி மெடோஸ் வழியாகப் போனால் ரிலீஃப் நீர்த்தேக்கம். இரண்டு மூன்று நாள் இருந்தால் எமிக்ரண்ட் ஏரி, ஹக்கிள்பெரி ஏரி என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கலாம்.

கோட்டா இல்லாததற்கு ஒரு விலை உண்டு. நடக்கச் சுலபமான அந்த முன்வரிசை ஏரிகளில் வாரக்கடைசியில் எத்தனை டென்ட் இருக்கும் என்று யாரும் உத்தரவாதம் தர முடியாது. ஜூலை 4 விடுமுறையில் பேர் ஏரிக்கரையில் இடம் தேடி இருட்டும்வரை சுற்றியிருக்கிறேன். கோட்டா உள்ள இடத்தில் சீட்டுக் கிடைப்பதுதான் பாடு, உள்ளே போனால் அமைதி. இங்கே சீட்டு உடனே, அமைதிக்கு இன்னும் மூன்று மைல் நடக்கவேண்டும்.

தேதி நிச்சயமில்லாதவர்களுக்கும் முதல்முறை போகிறவர்களுக்கும் நான் எமிக்ரண்டைத்தான் சொல்வேன். வானிலை சரியில்லையா, புகை வருகிறதா, அடுத்த வாரம் தள்ளிப்போடலாம், இழப்பு ஒன்றுமில்லை. ஆகஸ்ட், செப்டம்பரில் இது சின்ன விஷயமில்லை. 2021இல் கால்டோர் காட்டுத்தீ டாஹோ பக்கம் வந்தபோது, கலிஃபோர்னியாவின் தேசியக் காடுகள் ஏறக்குறைய எல்லாமே சில வாரங்கள் மூடப்பட்டன. ஆறு மாதத்துக்கு முன் விரல் வலிக்க எடுத்த சீட்டுகள் வெறும் காகிதமாயின.

எந்த இடமானாலும் ஒத்துவரும் இரண்டு மூன்று விஷயம். பெர்மிட் ஒருவர் பெயரில் இருக்கும், அவர் வராவிட்டால் செல்லாது. யோசெமிட்டியிலும் இன்யோவிலும் பதிவு செய்யும்போதே மாற்றுத் தலைவர்களின் பெயரைச் சேர்க்க இடம் இருக்கிறது, கட்டாயம் சேர்த்துவிடுங்கள். ஒருமுறை எங்கள் ஆறு பேர் குழுவில் சீட்டுக்காரருக்குக் கிளம்புவதற்கு முந்தின நாள் காய்ச்சல் வந்துவிட்டது. மாற்றுப் பெயர் போட்டிருக்கவில்லை. ஐந்து மணி நேரம் ஓட்டிப்போய் கெஞ்சலாமா என்று யோசித்து, கடைசியில் அதே மலையில் கோட்டா இல்லாத இன்னொரு பக்கம் போனோம். எனக்கு எமிக்ரண்ட் அறிமுகமானது அப்படித்தான்.

யோசெமிட்டியில் சீட்டை நேரில் போய் வாங்கவேண்டும், கிளம்பும் நாளில் காலை 10 மணிக்குள் போகாவிட்டால் அடுத்தவருக்குப் போய்விடும். இரவு ஓட்டிவந்து மதியம் நடக்கலாம் என்று நினைப்பவர்கள் தொலைபேசியில் முன்னரே சொல்லிவைக்க வேண்டும்.

யோசெமிட்டி, டெசொலேஷன் இரண்டிலும் கரடி டப்பா (கரடியால் திறக்க முடியாத உணவு டப்பா) கட்டாயம், இன்யோவில் பல பகுதிகளில் கட்டாயம். எமிக்ரண்டிலும் நான் கொண்டுபோகாமல் இருந்ததில்லை. ஒரு கிலோவுக்கு மேல் எடை, சாப்பாடு மட்டுமில்லாமல் பற்பசை, சோப்பு என்று மணக்கும் எதுவும் இரவில் அதற்குள்தான். நாலு பேருக்கு மூன்று நாள் என்றால் ஒரு டப்பா போதாது. ஊறுகாய் பாட்டிலை வீட்டிலேயே விட்டுவிடுங்கள். தேசியக் காடுகளில் எரிவாயு அடுப்புக்குக்கூட கலிஃபோர்னியா கேம்ப்ஃபயர் பெர்மிட் வேண்டும். இலவசம், இணையத்தில் சில கேள்விகளுக்குப் பதில் சொன்னால் அந்த வருடம் முழுக்கச் செல்லும்.

இந்த வருடம் நாங்கள் எட்டுப் பேர், மூன்று குழந்தைகள், ஒரு நாய். நாய் என்றதும் யோசெமிட்டி போயிற்று. சின்னவளுக்கு ஐந்து வயது, அவளை 10,000 அடியில் தூங்கவைக்க அவள் அம்மாவுக்கு மனமில்லை, இன்யோவும் போயிற்று. ஜூலையில் டெசொலேஷன், அலோஹாவுக்குப் பக்கத்து மண்டலத்தில் முதல் இரவு, எக்கோ படகு உண்டு. சீட்டு எதுவும் கிடைக்காவிட்டால் கிராப்ட்ரீயிலிருந்து கேம்ப் ஏரி, வியாழன் காலை கிளம்பி. ஜூலை 4 வாரம் மட்டும் வேண்டாம் என்று குழுவில் எழுதி ஒட்டிவைத்திருக்கிறேன்.